குறுக்கே அடித்த பக்கம்

கேள்வித்தாள் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி முடிவு செய்தேன்.

ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். ஆட்குறைப்பில் வெளியே வந்த சில மாதங்களில், மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தை விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு மே மாதமும் அவர் நான்கு வாரக் கணித முகாம் நடத்திவந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் முப்பது பேர் அதில் சேருவார்கள்.

“கணக்கை நாங்க பாத்துக்கறோம். காகித வேலை எல்லாம் நீங்க பாத்துக்கோங்கோ” என்றார்.

காகித வேலை என்றால் வருகைப் பதிவு, தாள்களை நகலெடுப்பது, பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, பதினொரு மணிக்கு மோர் வந்துவிட்டதா என்று பார்ப்பது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இருந்தால் ஆங்கிலத் தாள்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பதும் அதில் சேர்த்தி.

அந்த ஆண்டு தமிழ்வழியில் படித்தவள் ஒரே ஒரு பெண்தான். அவளுடைய பள்ளி ஆசிரியை கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். முதல் நாள் அவளை அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு பெசன்ட் நகரில் மூன்று வீடுகளில் வேலை. முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்கள். அந்தக் குடியிருப்பை இடித்த பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். வேலை மட்டும் மாறவில்லை. விடிவதற்குள் பஸ் ஏறினால்தான் முதல் வீட்டுக்கு நேரத்துக்கு வர முடியும். மகளும் அதே பஸ்ஸில் வந்து, பள்ளிக்கூடம் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

படிவத்தை நிரப்பும்போது அம்மா என்னிடம் நேராகக் கேட்டார்.

“கடைசில ஆறு பேர எடுப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நெஜமா சார்?”

“ஆமாம்மா. ஆறு பேரை ஒரு டிரஸ்ட் தன்னோட ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துக்கும். ரெண்டு வருஷம் சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க.”

“அப்டின்னா போவட்டும். இல்லாங்காட்டி தி.நகர்ல துணிக்கடைல சொல்லி வச்சிகீறேன். ஜூன் மாசம் வரச் சொல்லிகீறாங்க. என் முட்டி போச்சு சார். மூணு மாடி ஏறி எறங்க முடியல. எத்தினி நாளைக்கு நான் ஒருத்தியே ஓடிக்கினு இருக்கறது?”

அந்தப் பெண் பக்கத்தில் நின்று படிவத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, கையெழுத்து இங்க” என்று விரலை வைத்தாள்.

அந்த ஆறு இடங்களுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளும் போட்டி போட்டார்கள். அந்தப் பள்ளியிலிருந்து பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போனவர்கள் உண்டு. பலருக்கு அது ஒரு பெருமை. அவளுக்கு மட்டும் அது கிடைக்காவிட்டால் கடை.

முகாமின் நடைமுறை எளிமையானது. காலையில் ஒரு கணக்கு கரும்பலகையில் எழுதப்படும். யாருக்கு வழி தோன்றுகிறதோ அவர் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் “ஏன்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்வி நிற்கும்போது கணக்கு முடிந்தது. எல்லாம் பலகையிலும் பேச்சிலும்தான். நான்கு வாரத்தில் பிள்ளைகள் எங்களிடம் ஒரு தாள்கூட எழுதிக் கொடுத்ததில்லை. தாளில் எழுதுவது கடைசி நாள் தேர்வில் மட்டும். இதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரு கணக்கு. ஒரு கூட்டத்தில் பலர் கைகுலுக்குகிறார்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கைகுலுக்கியவர்களை மட்டும் எண்ணினால், அவர்கள் எப்போதும் இரட்டைப்படையாகவே இருப்பார்கள். ஏன்? மயிலாப்பூர்ப் பையன் ஒருவன், பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன், பலகை முழுக்கக் குறியீடுகளாக எழுதிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினான். நடுவில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டான்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். “ஒரு தபா கை குடுத்தா ரெண்டு பேருக்கு கணக்கு ஏறுது. அப்ப மொத்தம் ரெட்டப்படைதான். ஒத்தப்படைக்காரங்க ஒத்தையா நின்னா மொத்தம் எப்டி ரெட்டப்படை ஆவும்?”

அறை முழுக்கச் சிரிப்பு.

“ஏய், நான் பத்து நிமிஷம் சொன்னத ஒரு வரில முடிச்சிட்ட!” என்றான் பையன்.

“நீ எங்க சொன்ன? பத்து நிமிஷம் மூச்சு வுட்டுக்கினு இருந்த.”

“டேய் மச்சி, இவ என்னை டேமேஜ் பண்றா, பாத்துட்டு சும்மா இருக்க!”

“அவ சொன்னது கரெக்டுடா” என்றான் அவன் நண்பன்.

மூன்றாவது வாரத்தில் ஆங்கிலவழிப் பிள்ளைகளே அவள் பக்கத்தில் இடம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பேராசிரியர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பாரபட்சம் வந்துவிடும் என்று மாணவர்களைப் பற்றி அவர் பேசவே மாட்டார். ஆனால் வருகைப் பதிவில் ஒரு நாள் அவள் பெயருக்கு எதிரே கோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு வரலையா? ஏன்?” என்று கேட்டார். வேறு யாரைப் பற்றியும் அவர் அப்படிக் கேட்டதில்லை. அன்று அவள் அம்மாவுக்குப் பதிலாக வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் கேள்வித்தாள் என் கைக்கு வந்தது. ஆறு கணக்குகள், மூன்று மணி நேரம். மேலே ஐந்து விதிகள். நான்காவது: எப்படி யோசித்தீர்கள் என்பதை முழுமையாக எழுதுங்கள். ஐந்தாவது: ரஃப் என்று தனியாக எதுவும் கிடையாது, எதையும் அடிக்காதீர்கள், அடித்த பகுதியை நாங்கள் படிக்க மாட்டோம். ஐந்தாவது விதிக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் சிலர் ஒரே கணக்குக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விளக்கங்களை எழுதி, ஒன்றை லேசாக அடித்து வைத்திருந்தார்கள். எது சரியோ அதை எடுத்துக்கொள்ளட்டும் என்ற கணிப்பு. அதைத் தடுக்கத்தான் அந்த விதி.

ஆங்கிலத் தாள் ஒரு பக்கத்தில் முடிந்தது. என் தமிழ்த் தாள் இரண்டாவது பக்கத்துக்கு இரண்டு வரி வழிந்தது. எழுத்தின் அளவைக் குறைத்திருக்கலாம். ஓரத்தைச் சுருக்கியிருக்கலாம். இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போனாலும் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. நான் பத்திரிகைக்காரன் செய்வதைச் செய்தேன். நான்காவதும் ஐந்தாவதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று எனக்குப் பட்டது. ஐந்தாவதை எடுத்துவிட்டேன். தாள் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. செய்தி மேசையில் இந்த வேலையை நாள்தோறும் செய்தவன். ஒரே ஒரு பிரதி எடுத்தேன். அதைப் படிக்கப்போகிறவள் ஒருத்திதான்.

தேர்வு அறையில் கண்காணிப்பாளர்களில் நானும் ஒருவன். தாளை வாங்கியதும் அவள் முதலில் செய்த காரியம், விடைத்தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் நான்கு விரல் இடம் விட்டு ஸ்கேல் வைத்துப் பென்சில் கோடு போட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் அந்தக் கோடு தெரியும். வலப்புறம் ரஃப். இடப்புறம் சுத்தமான விடை. எழுதி முடித்ததும் ரஃப் பகுதியைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட வேண்டும். அடிக்காமல் விட்டால் அரை மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் உண்டு. நானும் அப்படி எழுதி வளர்ந்தவன்தான்.

அதனால்தான் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கடைசி ஐந்து நிமிடம் மற்றவர்கள் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வலப்புறத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை. நான் இரண்டு பெஞ்சு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பழக்கம் என்று நினைத்ததாக ஞாபகம்.

விடைத்தாள்களில் பெயரை மறைத்து எண் போட்டுக் கொடுத்தேன். திருத்தியவர்கள் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். இருவரும் நேர்மையானவர்கள். விதிப்படி திருத்தினார்கள்.

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டியதும் நான்தான். அவள் இருபதாவது இடத்தில் இருந்தாள். எனக்கு வியப்பாக இருந்தது. பேராசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பலகைல சொல்றவா எல்லாராலயும் எழுத முடியறதில்ல” என்றார்.

திருத்திய மாணவர்களில் ஒருவரிடம் அவள் போய்க் கேட்டாள். நான் பக்கத்து மேசையில் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, எனக்கு கணக்கு தப்பா?”

“விடை எல்லாம் சரிதாம்மா. ஆனா எப்படி வந்துச்சுன்னு நீ எழுதவே இல்ல. வெறும் விடைக்கு இங்க மார்க் கிடையாது.”

“எழுதினேண்ணா.”

“பேப்பர்ல இல்லையேம்மா.”

“எழுதினேண்ணா” என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

அந்த மாணவர் என்னைப் பார்த்தார். நான் லேசாகத் தலையசைத்தேன். பட்டியல் வரும் நாளில் எல்லோரும் எழுதினேன் என்றுதான் சொல்வார்கள். மறுப்புகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. எழுந்துபோய்க் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கட்டு என் கையில்தான் இருந்தது. ஆறு பேருக்கும் அப்போது கடிதம் போகவில்லை, மறுநாள்தான் போனது.

நான் கட்டோடு வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் அம்மா காத்திருந்தார். மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“விட மட்டும் எப்டிடி சரியா வரும்? பாத்து எழுதினியா?”

“இல்லம்மா.”

“பின்ன இன்னா? ஒரு மாசம் பஸ்ஸுல தூங்கிக்கினே வந்து, பாத்து எழுதவாடி வந்த?”

அம்மா என்னைக் கடந்து போகும்போது, “வரேன் சார். உங்களுக்குத்தான் சிரமம்” என்றார்.

அடுத்த வாரம் அறக்கட்டளைக்கு அனுப்ப முகாம் அறிக்கை தயாரித்தேன். படத்துக்காக நல்ல கையெழுத்துள்ள ஒரு விடைத்தாள் வேண்டியிருந்தது. அவளுடைய கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தெரியும். அதனால்தான் அவள் தாளை எடுத்தேன்.

இடப்புறம் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி, சில இடங்களில் இரண்டு வரி. அதன் கீழே சிவப்பு மையில்: விடை மட்டும். காரணம் இல்லை. வலப்புறம் நான்கு விரல் அகலத்துக்குள், பக்கத்தின் தலை முதல் கால் வரை, பொடி எழுத்தில் அத்தனை காரணமும் இருந்தது. அதன் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்த பென்சில் கோடு. கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

மேசை இழுப்பறையில் தமிழ்க் கேள்வித்தாளின் மூலப்பிரதி இருந்தது. எடுத்து விதிகளை எண்ணினேன். நான்கு.

மறுநாள் காலை விடைத்தாளோடு பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தார். நாலாவது கணக்கில் நின்றுவிட்டார். பலகையில் ஒன்று முதல் இருபது வரை எண்கள். ஏதாவது இரண்டை அழித்து அவற்றின் வித்தியாசத்தை எழுத வேண்டும். இப்படியே செய்துகொண்டு போனால் கடைசியில் மிஞ்சும் ஒரே எண் ஒற்றைப்படையாக இருக்க முடியுமா? முடியாது என்று இடப்புறம் எழுதியிருந்தாள்.

“இதைப் பாருங்கோ” என்று வலப்புறத்தில் விரல் வைத்தார். “‘ஒற்றைப்படை எண் தனியா அழியாது, ஜோடியாத்தான் அழியும். பத்து இருக்கு. அதனால எல்லாம் போயிடும்.’ இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?”

“எத்தனாவது இடம் வந்திருப்பா?”

“மூணாவது. ரெண்டாவதுகூட இருக்கலாம்.”

“அப்போ?”

தாளை மடக்கினார். “ஆறு பேருக்கும் கடுதாசி போயாச்சு. ஆறாவதா வந்த பையனுக்கு நேத்திக்கு யூனிஃபார்ம் அளவெடுத்தான்னு அவா ஆத்துலேர்ந்து போன் பண்ணினா. அவனைக் கூப்பிட்டு என்னன்னு சொல்றது? அவன் என்ன தப்பு பண்ணினான்?”

“ஏழாவதா ஒரு இடம் கேட்டா?”

“கேட்டுப் பாக்கறேன்.”

என் எதிரிலேயே அறக்கட்டளைக்குப் போன் செய்தார். விஷயத்தை மறைக்காமல் சொன்னார். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாகப் பேசினார் என்று தெரிந்தது. விடுதியில் ஆறு கட்டில்தான், சேர்க்கை முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம். அடுத்த ஆண்டு இல்லை. பத்தாவது முடித்தவர்களைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கும் திட்டம் அது. அடுத்த ஆண்டு அவள் அதற்குள் வரமாட்டாள். பேராசிரியர் அதையும் சொன்னார். எதிர்முனை மறுபடியும் மரியாதையாகப் பேசியது. அவர் போனை வைத்தார்.

நேரில் போய்க் கேட்டிருக்கலாம். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பழைய பத்திரிகைத் தொடர்புகள் எனக்கு இருந்தன. அந்த ஒரு போனோடு நாங்கள் இருவரும் நிறுத்திக்கொண்டோம். ஏன் என்று இப்போது கேட்டால், ஆறாவது பையனுடைய யூனிஃபார்ம் என்றுதான் சொல்வேன். அது முழு உண்மை இல்லை. பெரிதாகக் கேட்டால், ஏன் இப்படி ஆனது என்று பெரிதாகப் பதில் சொல்ல வேண்டிவந்திருக்கும்.

“அவாகிட்ட சொல்லப் போறேளா?” என்று கேட்டார் பேராசிரியர்.

“சொல்லணும்.”

நாளிதழில் தவறு வந்தால், மறுநாள் உள்பக்கத்தில் மூன்று வரியில் திருத்தம் போடுவோம். அதே நடையில் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் மகள் யாரையும் பார்த்து எழுதவில்லை, அவள் எழுதிய காரணங்கள் அனைத்தும் சரி, தவறு என்னுடையது, நடந்தது இது. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன். வீட்டு விலாசம் கையில் இருந்தும், முதலில் அவளிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. ஜூன் இரண்டாவது வாரம், அவளுடைய பள்ளி ஆசிரியையிடம் எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தி.நகர் போனேன்.

நான்கு மாடிக் கடை. இரண்டாவது மாடியில், பிளவுஸ் துணிப் பிரிவில் நின்றிருந்தாள். மெரூன் நிறச் சீருடைப் புடவை, அதன் மேல் கோட்டு. பெரியவளாகத் தெரிந்தாள். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் துணி அடுக்கியிருந்தார்கள்.

“சார்! நீங்க எங்க இங்க?”

“உன்னைப் பாக்கத்தான் வந்தேன். அஞ்சு நிமிஷம் பேசணும்.”

அவள் மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூரத்தில் இருந்தார். “இப்டியே சொல்லுங்க சார். துணி பாக்கற மாதிரி நில்லுங்க” என்று ஒரு துணிக்கட்டை எனக்கு முன்னால் பிரித்துப் போட்டாள்.

சொன்னேன். ஐந்தாவது விதியை, அதை நான் எடுத்துவிட்டதை, வலப்புறத்தை யாரும் படிக்காததை. அவள் கை துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே இருந்தது.

“அடிக்காதன்னு போட்டிருந்தா அடிச்சிருக்க மாட்டேன் சார்.”

“தெரியும்.”

“நான் போட்ட வழி சரியா?”

“சரி. புரொஃபசர் முழுசா படிச்சார். மூணாவது இடம்னு சொன்னார்.”

கை நின்றது. “இப்ப போவ முடியாதா சார்?”

“முடியாதும்மா. கேட்டுப் பாத்தோம்.”

மீண்டும் அடுக்க ஆரம்பித்தாள். நான் உறையை எடுத்தேன். “இது அம்மாவுக்கு. நீ பாத்து எழுதினதா அவங்க நினைச்சிட்டிருக்காங்க. அதையாவது—”

“வேணா சார். அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

“உன் மேல தப்பு இல்லன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“என் மேல தப்புன்னா திட்டிட்டு வுட்டுடும். வுட்டுடுச்சு. வேற யாரோ செஞ்சதுன்னு தெரிஞ்சா வுடாது சார். எங்க வூட்ட இடிச்சப்ப புது வூடு குடுக்கற லிஸ்ட்ல எங்க பேரு வுட்டுப்போச்சு. ஒரு வருசம் ஆபீஸ் ஆபீஸா போய் அழுதுக்கினு கெடந்துச்சு. வேலைக்கும் போவல, சோறும் துன்னல. இன்னொரு தபா என்னால அத்த பாக்க முடியாது.”

“நான் செஞ்ச தப்புக்கு நீ—”

“சார்.” முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க வந்து சொன்னீங்க, சரி. இத்தோட வுட்டுடுங்க.”

இரண்டு பெண்கள் புடவைப் பையோடு வந்து நின்றார்கள். “ஏம்மா, இதுக்கு மேட்சிங் எடுத்துக் குடு” என்றார் ஒருவர். அவள் புடவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அவள் கேட்டதற்குச் சம்மதித்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் இங்கே எழுத வேண்டும்.

அவள் அம்மாவை அவ்வப்போது காலையில் அடையாறு பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறேன். பெசன்ட் நகர் வீடுகளில் ஒன்றை விட்டுவிட்டாராம். மாடி இல்லாத இரண்டு வீட்டுக்கு மட்டும் போகிறார். நின்று ஒரு வார்த்தை பேசுவார்.

“பொண்ணு எப்படி இருக்கா?” என்று கேட்பேன்.

“நல்லா கீது சார். கடைக்குப் போய்க்கினு கீது. மொதலாளிக்கு அத்தப் புட்ச்சிப்போச்சு, பில்லு மிஷினாண்ட போடறேன்னு சொல்லிகீறாரு.” பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். “நீங்கள்லாம் எவ்ளோ பாடுபட்டீங்க. எம் பொண்ணுக்குத்தான் படிப்பு ஏறல சார்.”

நான் தலையாட்டுவேன்.